கருத்து சரி, வாக்கியம் வேறு என்றால் பூஜ்யமா?

பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வுக்குக் கேள்வித்தாள் அமைக்கும், விடைக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும், அந்தக் குறிப்பை மனதில் வைத்துப் பிள்ளைகளைத் தயார் செய்யும் கடலூர் வட்டாரத் தலைமையாசிரியர்களுக்கும்,

போன வாரம் ஒரு பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. "பத்தாம் வகுப்பு மாணவர்கள் எல்லா விடைகளையும் பாடநூலில் உள்ளபடியே எழுத வேண்டும். சொந்த நடையில் எழுதும் விடைகளுக்கு இனி மதிப்பெண் வழங்கப்படாது. வீட்டில் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கவும்." அடுத்த வரியில் இன்னொன்று: திருப்புதல் தேர்வுகள் முடியும்வரை அறிவியல் ஆய்வக வகுப்பு கிடையாது, அந்த நேரத்தில் ஸ்லிப் டெஸ்ட் நடக்கும். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகளும் கட்டைவிரல்களும். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த ஒரு பள்ளியோடு நிற்கிற விஷயம் இல்லை இது. மற்ற பள்ளிகள் வாயால் சொல்வதை இவர்கள் எழுத்தில் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் கடலூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுப்பவன். பத்தாவது தேர்ச்சி என்று நீங்கள் அனுப்பி வைக்கும் பிள்ளைகள்தான் பள்ளி முடித்த கையோடு என் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். உங்கள் கேள்வித்தாள் எதைச் சோதித்தது, எதைச் சோதிக்காமல் விட்டது என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் அக்கா மகள் அந்தப் பள்ளியில்தான் பத்தாவது படிக்கிறாள். அறிவிப்பு வந்த மறுநாள் தன் அறிவியல் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். வீடுகளில் மின்சாதனங்களைப் பக்க இணைப்பில் இணைப்பது ஏன் என்று ஒரு டூ மார்க் கேள்வி. அவள் எழுதியிருந்தது இது: "எங்கள் வீட்டில் ஹால் லைட் ஃபியூஸ் போனாலும் அடுப்படி லைட் எரிகிறது. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக மாட்டியிருந்தால் ஒன்று போனதும் எல்லாம் அணைந்துவிடும். அதோடு 230 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் முழுதாகக் கிடைக்காமல் பிரிந்துவிடும்."

மூன்று வரி, மூன்றும் சரி. என் மாணவன் எழுதியிருந்தால் தோளில் தட்டிக்கொடுத்திருப்பேன். இங்கே அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் பூஜ்யம், கீழே "புத்தகத்தில் உள்ளபடி எழுது". "நான் எழுதினதுல என்ன மாமா தப்பு?" என்று கேட்டாள். தப்பு எதுவும் இல்லை என்று சொன்னேன். அப்போ ஏன் மார்க் இல்லை என்ற அடுத்த கேள்விக்கு அவளிடம் சொல்ல என்னிடம் நியாயமான பதில் இல்லை. பக்கத்து பெஞ்சுப் பெண் புத்தக வாக்கியத்தை அப்படியே எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் வீட்டுக்கு வந்திருந்தாள். தொடர் இணைப்பில் ஒரு பல்பு போனால் மற்றவை ஏன் அணைகின்றன என்று அவளிடம் கேட்டேன். "அந்தக் கேள்வி புக் பேக்ல இல்லையே அங்கிள்" என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைச் செய்கிற நல்ல பிள்ளை.

பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க அக்கா பொண்ணு எழுதினது கரெக்ட். எனக்கே தெரியுது. ஆனா பப்ளிக்ல திருத்துறவர் கையில கீ இருக்கும். அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேப்பர்னு கணக்கு இருக்கு. கீயில இருக்கிற வார்த்தை கண்ணுல பட்டாதான் டிக் விழும். நான் இங்க விட்டுக்கொடுத்தா அங்க அவளுக்குத்தான் மார்க் போகும். இப்பவே பழக்கிட்டா நல்லது." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தேர்ச்சி விகிதம் இரண்டு சதவீதம் குறைந்தால் மீட்டிங்கில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள் என்றும் சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அறிவியல் தெரிந்தவர், சரியான விடையைச் சரி என்று அறிந்தே பூஜ்யம் போடும் இடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறார். அவரைத் தள்ளுவது விடைக்குறிப்பைப் பற்றிய பயம். விடைக்குறிப்பு உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் புது பேட்ச் வந்ததும் நான் செய்வது ஒன்று உண்டு. ஓம் விதி தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்பேன். எல்லாக் கைகளும் மேலே போகும். ஒருவனை எழுப்பினால் "மாறா வெப்பநிலையில்" என்று தொடங்கி மூச்சு விடாமல் முடிப்பான். "வி ஈக்வல் டூ ஐ ஆர்" என்று பின்பெஞ்சிலிருந்தும் குரல் வரும். நல்லது என்று சொல்லிவிட்டு, டெஸ்ட் போர்டில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் தொடர் இணைப்பில் மாட்டுவேன். சுவிட்ச் போடுவதற்கு முன் கேட்பேன்: எது பிரகாசமாக எரியும்?

கிட்டத்தட்ட மொத்த வகுப்பும் 100 என்று சொல்லும். 480, 490 என்று மதிப்பெண் வாங்கி வந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். சுவிட்சைப் போட்டால் 60 வாட் பல்பு மங்கலாக எரியும். 100 வாட் பல்பில் இழை மட்டும் லேசாகச் சிவந்து கிடக்கும். பல்பு கெட்டுப்போய்விட்டது சார் என்பார்கள். கழற்றித் தனியாக மாட்டிக் காட்டுவேன், ஜெகஜ்ஜோதியாக எரியும். அப்போதுதான் முகத்தில் குழப்பம் வரும். அந்தக் குழப்பத்துக்காகத்தான் இதைச் செய்கிறேன்.

கணக்கு மிகச் சின்னது. 230 வோல்ட்டில் 100 வாட் எடுக்கும் பல்பின் மின்தடை 529 ஓம். 60 வாட் பல்புக்குச் சுமார் 882 ஓம். தொடரில் மாட்டினால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான், கிட்டத்தட்ட 0.16 ஆம்பியர். ஆக, மின்தடை அதிகம் உள்ள 60 வாட் பல்புதான் அதிகத் திறனை எடுக்கும். இழை சூடாகும்போது மின்தடை மாறுவதை விட்டுவிட்டுப் போட்டால் அதற்கு 23 வாட், பெரிய பல்புக்கு 14 வாட். இதற்கு வேண்டிய எல்லாமே பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் இருக்கிறது. புதிதாக ஒரு சூத்திரமும் வேண்டாம். அந்தப் பாடத்தை வரிக்கு வரி ஒப்பித்த பிள்ளைகளால் இதைப் போட முடியவில்லை. ஏனென்றால் விதி அவர்களுக்கு ஒரு ஃபோர் மார்க், ஒரு டூ மார்க், ஒரு ஒன் வேர்டு. பல்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று கேட்டவர் யாரும் இல்லை.

ஃபியூஸ் விஷயம் இன்னும் மோசம். குறைந்த உருகுநிலை கொண்ட கம்பி, மின்னோட்டம் மிகும்போது உருகிச் சுற்றைத் துண்டிக்கும் என்று ஒரு பையன் அழகாகச் சொன்னான். ஃபியூஸ் கட்டையைக் கையில் கொடுத்து, கம்பி போடு என்றேன். அடிக்கடி போகாமல் இருக்கட்டும் என்று, கிடைத்த தடிமனான செம்புக் கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தான். வாயால் சொன்னதற்கு நேர் எதிரானதைக் கை செய்கிறது, இரண்டும் மோதுவது அவனுக்குத் தெரியவே இல்லை. ஊரில் எத்தனை வீட்டில் இப்படிக் கம்பி சுற்றியிருக்கிறது என்று எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வார். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும், அதை 5 ஆம்ப் பிளக்கில் மாட்டினால் பிளக் கருகும் என்பதும் அதே மின்னோட்டவியல் பாடம்தான். திறனை மின்னழுத்தத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பத்தாவது படித்த ஒருவர் இருக்கும் வீட்டிலும் பிளக் கருகிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கே செய்முறைத் தேர்வைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அறிவியலுக்குக் கருத்தியல் 75, செய்முறை 25. என்னிடம் வரும் மதிப்பெண் பட்டியல்களில் செய்முறைக்கு 25 அல்லது 24 என்றுதான் பார்க்கிறேன். இயற்பியலில் மின்தடை எண் கண்டறிதல் ஒரு பரிசோதனை. அம்மீட்டர், வோல்ட்மீட்டர் இரண்டையும் மாட்டித்தான் அதைச் செய்ய முடியும். 25க்கு 25 வாங்கியவனிடம் இரண்டு மீட்டரையும் கொடுத்தால், அம்மீட்டரைப் பக்க இணைப்பில் மாட்டுகிறான். சப்ளை கொடுத்தால் மீட்டர் அந்த நிமிடமே போய்விடும். செய்ததே இல்லையா என்று கேட்டால், "ரெகார்டு எழுதினோம் சார், அளவீடு போர்டுல எழுதிப் போட்டாங்க" என்கிறான். ஆய்வகம் இருந்தும் அவன் கை ஒரு வயரைத் தொட்டதில்லை. இந்த லட்சணத்தில், இருக்கிற ஆய்வக நேரத்தையும் ஸ்லிப் டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொள்வது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு தெரியாமல் என் பட்டறையில் ஒரு வேலையும் ஓடாது. பச்சை வயர் எர்த் என்பதை மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும், அதில் யோசிக்க இடமே இல்லை. செய்யுளை மனப்பாடப் பகுதியாக வைப்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை, நாவில் ஊறிய பாட்டு வயதான பிறகும் கூடவே வரும். ஆனால் எர்த் எதற்கு, அது இல்லாத கிரைண்டரைத் தொட்டால் ஏன் ஷாக் அடிக்கிறது என்பதை மனப்பாடமாக மட்டும் வைத்திருந்தால், பச்சை வயர் இல்லாத பழைய வீட்டில் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நினைவில் வைக்க வேண்டியது எது, விளங்கிக்கொள்ள வேண்டியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

இதையெல்லாம் முதலில் சொல்பவன் நான் இல்லை. புத்தகச் சுமை இருக்கட்டும், புரியாமல் படிப்பதுதான் பெரிய சுமை என்று பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இலேயே எழுதிக் கொடுத்தது. நெட்டுரு முறையை விட்டுக் கற்றல் விலக வேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தன் வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்தது. நம் மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2010இல் சமச்சீர் கல்வி வந்தது. 2017இல் ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்பட்டது. 2018இலிருந்து புதிய பாடநூல்கள் வந்தன. அவை நல்ல நூல்கள், செயல்பாடுகள் நிறைய, பாடத்தின் முடிவில் உயர் சிந்தனைக்கான வினாக்கள் என்று தனிப் பகுதியே இருக்கிறது. அந்த வினாக்களுக்கு என்ன கதி நேர்ந்தது தெரியுமா? கைடில் அவற்றுக்கும் விடை அச்சாகிவிட்டது, பிள்ளைகள் அதையும் உருப்போடுகிறார்கள். யோசித்து எழுதினால் மார்க் உண்டு என்ற உறுதியை யாரும் கொடுக்காதபோது வேறு என்ன செய்வார்கள்?

இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 15 வயதுப் பிள்ளைகள் தாங்கள் படித்ததை அன்றாட நிலைமையில் பயன்படுத்துகிறார்களா என்று சோதிக்கும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்று நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. தமிழ்நாட்டுக்கு வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டியது. கலந்துகொண்ட 74 நாடுகள், பகுதிகள் வரிசையில் மூன்றிலும் நாம் கடைசி மூன்று இடங்களுக்குள். கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அதன் பிறகு வந்த சுற்றிலிருந்து இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அந்தத் தேர்வில் குறைகள் இருந்திருக்கலாம். என் டெஸ்ட் போர்டில் உள்ள இரண்டு பல்புகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தாதவை என்று யாரும் சொல்ல முடியாது. விடை அங்கேயும் அதேதான் வருகிறது.

அதே 2011 டிசம்பரில் இந்த ஊருக்கு வேறொரு சோதனையும் வந்தது. 30ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வரும்வரை வாடகை ஜெனரேட்டர்தான் கதி. இந்த இடத்தில்தான் ஒரு பாடம் உயிர் காக்கிறது, இல்லை உயிர் எடுக்கிறது. மெயின் சுவிட்சை அணைக்காமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் செருகினால் மின்சாரம் வெளியே போய்த் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாக ஏறும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கமாகக் கொடுத்தால் கூட்டியும் தரும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் நிலைமையை யோசியுங்கள். மின்மாற்றியின் படம் வரைந்து பாகம் குறித்தவர்களுக்கு இது தோன்றாது. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தவர்களுக்கு மட்டும்தான் தோன்றும். புயல் வருடா வருடம் எட்டிப்பார்க்கும் மாவட்டம் நம்முடையது. 1956இலிருந்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இருந்து, அந்த மின்சாரம் தென் மாநிலங்களுக்கெல்லாம் போகும் மாவட்டமும் இதுதான்.

இனி உங்கள் தரப்பில் சொல்லப்படும் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "இவங்கள்லாம் முதல் தலைமுறைப் பிள்ளைங்க சார். மெல்லக் கற்போர். கருத்து, சிந்தனைன்னு போனா ஃபெயிலாயிடுவாங்க. மினிமம் மெட்டீரியலை உருப்போட்டாவது பாஸ் ஆகட்டும்." இதைச் சொல்பவர்கள் பிள்ளைகள்மேல் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். தோல்வி என்றால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் கூலி வேலை என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

ஆனால் என் அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. மின்காந்தத் தூண்டல் என்ற சொல்லே அவனுக்கு வாயில் நுழையாது. பள்ளியில் மெல்லக் கற்போர் வரிசையில் உட்காரவைத்து, பத்துக் கேள்வி கொண்ட ஜெராக்ஸ் தாளை மாதக்கணக்கில் எழுதவைத்திருக்கிறார்கள். எங்களிடம் மோட்டார் ரீவைண்டிங் தொடங்கியதும் அவன்தான் முதலில் பிடித்துக்கொண்டான். எப்படி என்று கேட்டேன். அப்பாவோடு படகில் போகும்போது பேட்டரி சார்ஜ் ஏறாமல் நின்ற டைனமோவைக் கழற்றி, பிரஷ் தேய்ந்ததா, காயில் அறுந்ததா என்று எட்டாவது படிக்கும்போதே பார்த்தவன். காந்தமும் காயிலும் சுற்றினால்தான் கரண்ட் என்பது அவன் கைக்குத் தெரியும். அதைச் சொந்த வார்த்தையில் சொல்லவிட்டிருந்தால் அவன் பள்ளியிலேயே முழு மார்க் வாங்கியிருப்பான். கொண்டல் அடித்தால் என்ன, வாடை திரும்பினால் என்ன என்று கடலைப் பார்த்துச் சொல்கிற அந்தப் பிள்ளைக்குக் கடற்காற்று, நிலக்காற்று கேள்வியில் மார்க் போகிறது என்றால், குறை அவன் அறிவில் இல்லை.

கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். கடைக்கால் போடும்போது மூலைமட்டம் பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடிப்பதை அவர்கள் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள். பிதாகரஸ் தேற்றத்தை நிரூபணத்தோடு மனப்பாடமாக எழுதும் அந்தப் பெண்ணுக்கு, அப்பா கையில் இருக்கும் நூல்தான் அந்தத் தேற்றம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் அறிவைப் பள்ளியின் வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம். அதனால் அதிகம் இழப்பவர்கள் முதல் தலைமுறைப் பிள்ளைகள்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் புரியாததை விளக்க டியூஷன் இருக்கும், படித்த அம்மா இருப்பார். இவர்களுக்குச் சொந்தமாக இருப்பது கண்ணால் பார்த்ததும் கையால் செய்ததும் மட்டும்தான்.

மினிமம் மெட்டீரியல் அவர்களைப் பாஸ் ஆக்குகிறது, மறுக்கவில்லை. 35 வாங்கி வந்த பிறகு அந்தப் பையனுக்கு முன்னால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், அப்ரண்டிஸ் தேர்வு, சிப்காட் கம்பெனி இன்டர்வியூ என்று வரிசையாக நிற்கின்றன. எதிலும் அந்த பத்துக் கேள்விகள் வருவதில்லை. முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுகிறது. எனக்குப் படிப்பு வராது சார் என்று அவனே தன்னைப் பற்றி முடிவு செய்துகொள்கிறான். அந்த முடிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கேள்வித்தாளில் ஒன்றிரண்டு கேள்விகளைத் திடீரென்று, புக் பேக்கில் இல்லாதபடி, பாடத்தின் உள்ளிருந்து கேட்பது இதற்குத் தீர்வு ஆகாது. வருடத்துக்கு ஒரு முறை அப்படி நடக்கிறது, கேள்வித்தாள் கடினம் என்று மறுநாள் செய்தி வருகிறது, போனஸ் மார்க் கேட்கிறார்கள், அடுத்த வருடம் அந்தக் கேள்வியும் கைடில் ஏறிவிடுகிறது. வருடம் முழுவதும் ஒப்பிக்கப் பழக்கிவிட்டுத் தேர்வு அன்று மட்டும் யோசி என்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே பிளஸ் டூவுக்குத் தாவிய பள்ளிகளைத் தடுக்க 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள். தேர்வைக் கூட்டுவதும் குறைப்பதும் மாறி மாறி நடக்கிறது. தேர்வுக்குள் எது சரியான விடை என்பதை நாம் தொடவே இல்லை.

அதைத் தொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். என் கோரிக்கைகள் இவை.

விடைக்குறிப்பின் முதல் பக்கத்தில், எல்லாப் பாடத்துக்கும், பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சிடுங்கள்: பாடநூலின் வாக்கியம் இல்லாவிட்டாலும், கருத்து சரியாக இருந்தால் முழு மதிப்பெண் வழங்க வேண்டும். அந்த வரியைத் திருத்தும் மையத்தோடு நிறுத்தாமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்புங்கள். நான் பார்த்த ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பயமில்லாமல் டிக் போடட்டும்.

வரி மட்டும் போதாது. திருத்துவது தொடங்கும் நாளில் முதன்மைத் தேர்வாளர்களும் உதவித் தேர்வாளர்களும் ஒன்றாக உட்காரும்போது, சொந்த நடையில் எழுதிய பத்து, பதினைந்து விடைகளை எடுத்து வைத்துப் பேசுங்கள். இதற்கு எவ்வளவு, ஏன் என்று ஒருமுறை பேசிவிட்டால் திருத்துபவர்களுக்கிடையே வேறுபாடு குறையும். அதற்கு நேரம் வேண்டும் என்றால், ஒருவர் ஒரு நாளில் திருத்த வேண்டிய விடைத்தாள்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு பிள்ளையின் பத்து வருடப் படிப்பை ஓரிரு நிமிடத்தில் புரட்டும்படி ஆசிரியரை விரட்டக்கூடாது.

அறிவியலின் 75 மதிப்பெண்ணில் 15 மதிப்பெண்ணாவது பாடநூலில் இல்லாத, ஆனால் பாடத்தின் கருத்தை வைத்து யோசித்தால் எழுதக்கூடிய கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். இதைத் தேர்வு அன்று திணிக்காமல் ஜூன் மாதமே அறிவித்து, மாதிரி வினாத்தாள்கள் கொடுத்து, காலாண்டிலிருந்தே பழக்குங்கள். கேள்விகள் நம் ஊர் நடப்பிலிருந்து வரட்டும்: படகு, போர்வெல் மோட்டார், முந்திரி ஆலை, புயல் கூண்டு. விஷயமா இல்லை?

செய்முறைத் தேர்வில் பிள்ளை தானே இணைப்பைக் கொடுத்து, தானே அளவெடுத்தால் மட்டும் மதிப்பெண் என்று வையுங்கள். வேறு பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர், ஏன் இப்படி இணைத்தாய் என்று ஒரே ஒரு கேள்வி வாய்மொழியாகக் கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்காகவாவது பள்ளிகள் ஆய்வகத்தைத் திறக்கும்.

தலைமையாசிரியர்களுக்கு: சொந்த நடைக்கு மதிப்பெண் இல்லை என்ற அறிவிப்பைப் போட்டவர்கள் திரும்பப் பெறுங்கள், எழுத்தில் போடாமல் நடைமுறையில் வைத்திருப்பவர்கள் நிறுத்துங்கள். ஸ்லிப் டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொண்ட ஆய்வகப் பாடவேளையை இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது என்பதையும் அதே பெற்றோர் குழுவில் எழுதுங்கள்.

ஆய்வகத்தில் மீட்டர் கெட்டுக் கிடக்கிறது, வயர் இல்லை, செய்துகாட்ட ஆள் இல்லை என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், சனிக்கிழமைகளில் நானும் என்னோடு வேலை செய்யும் சில பயிற்றுநர்களும் வருகிறோம். பழுது பார்த்துத் தருகிறோம், இரண்டு பல்பு டெஸ்ட் போர்டு ஒன்றும் செய்துவைத்துவிட்டுப் போகிறோம். காசு வேண்டாம். முதல் திருப்புதல் தேர்வு தொடங்குவதற்குள், விடைக்குறிப்பு பற்றிய கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். இல்லை என்றால் காரணத்தோடு.

தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர் ஒருவர்,
கடலூர்